35 வயதுக்கு மேல் வேலையை விட்டுவிட்டு நூலகராக முடியுமா? வாசிப்பு ஆர்வம் மட்டும் போதுமா?

முடியும். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் கொடுப்பவருக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் நின்று வேலையை முடித்துக்கொடுப்பவராக) இருந்த நான், 38 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளியின் தொடக்க வகுப்புகளுக்கான நூலகத்தில் நூலகராகச் சேர்ந்தேன். இப்போது ஏழாவது ஆண்டு நடக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. ஏனென்றால் முதல் இரண்டு ஆண்டுகள் என்னுடைய வாசிப்பு ஆர்வமே என் வேலைக்கு இடையூறாக இருந்தது.

நான் உடுமலைப்பேட்டையில் வளர்ந்தவன். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. நான் படித்த பள்ளியில் நூலகம் என்றால், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்ற இரண்டு கண்ணாடி பீரோக்கள். புத்தகங்களின் தலைப்புகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று படித்துக்கொள்ளலாம். சாவி ஓர் ஆசிரியரிடம் இருந்தது. கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளன்று பீரோக்கள் திறந்து தூசு தட்டப்படும். ஐந்து ஆண்டுகளில் அவற்றிலிருந்து ஒரு புத்தகம்கூட என் கைக்கு வரவில்லை. அந்த ஆசிரியர்மீது எனக்கு நெடுங்காலம் கோபம் இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான், இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் பொறுப்பாளரின் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கும் என்பது புரிந்தது.

என்னை வாசகனாக்கியது ஊரில் இருந்த கிளை நூலகம். அங்கிருந்த நூலகர், "உள்ள போய்ப் பாரு தம்பி, புடிச்சத எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். நான் எதை எடுத்து வந்தாலும் அது என் வயதுக்கு ஏற்றதா என்று அவர் கேட்டதே இல்லை. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகிக் கப்பலில் வந்து, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் என்ற பதிப்பகத்தின் மூலம் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட சோவியத் சிறுவர் நூல்களை நான் அங்கேதான் முதலில் தொட்டுப் பார்த்தேன். பனியையும் பிர்ச் மரத்தையும் பார்த்திராத ஒரு பையனுக்கு அந்தக் கதைகள் எல்லாம் விளங்கின என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளங்காத பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்ற துணிச்சலை அந்தப் புத்தகங்கள் எனக்குக் கொடுத்தன.

வேலைக்குப் போன பிறகு, உடுமலையிலிருந்து திருப்பூருக்குப் போகும் பேருந்துதான் என் வாசிப்பறையாக இருந்தது. காஸ்டிங், சாம்பிள், ஷிப்மெண்ட் என்று 15 ஆண்டுகள் ஓடின. அந்த வேலையை நான் வெறுக்கவில்லை. அதில் நன்றாகவே இருந்தேன். என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, அவளுடைய பள்ளியிலும் தாழ்வாரத்தில் பூட்டிய பீரோ ஒன்று நிற்பதைப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் வந்து அதைத் திறந்து வைத்துக் குழந்தைகளுக்குக் கதை படிக்கிறேன், அனுமதி தாருங்கள் என்று கேட்டேன், கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டு அப்படிப் போனேன். அதன்பிறகு ஷிப்மெண்ட் தேதிக்காகச் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்க நேரும்போதெல்லாம் மனம் கிடந்து தவித்தது. தொலைநிலைக் கல்வியில் நூலக அறிவியல் இளங்கலையில் சேர்ந்தேன். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு அது ஓராண்டுப் படிப்பு.

அந்தப் படிப்பில்தான், இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் வாழ்க்கையை முழுமையாக அறிந்தேன். 1892-இல் சீர்காழியில் பிறந்த அவர் கணித ஆசிரியர். மங்களூரிலும் எங்கள் கோயம்புத்தூரிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 31. வந்த சில நாட்களிலேயே அந்த வேலையின் தனிமை பிடிக்காமல், கல்லூரிக்கே திரும்பிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பப்பட்டு, அங்கு பொது நூலகங்கள் சாதாரண மக்களுக்கும் குழந்தைகளுக்கும் பயன்படுவதை நேரில் பார்த்த பிறகே அவர் மனம் மாறியது. திரும்பி வந்தவர், வாசகர்கள் தாங்களே உள்ளே சென்று புத்தகங்களை எடுக்கும் திறந்த அடுக்கு முறையை வலியுறுத்தினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். என் பள்ளிப் பருவத்துப் பீரோவை நினைத்துக்கொண்டு படித்த எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக வெகுநேரம் ஆயிற்று.

இனி, ஆர்வம் எப்படி இடையூறானது என்பதைச் சொல்கிறேன். நூலகராகச் சேர்ந்ததும், நான் சிறுவனாக இருந்தபோது விரும்பிய கதைகளையெல்லாம் தேடி வாங்கி அடுக்கினேன். குழந்தைகள் மரியாதைக்காக எடுத்துப் புரட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். தமிழில் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நானும் சில மாதங்கள் அதை நம்பினேன். பிறகு ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அவனுக்கு எழுத்துகள் எல்லாம் தெரியும். "நடந்துகொண்டிருந்தபோது" என்ற சொல்லில் அவன் மூச்சு முட்டி நின்றுவிட்டான். அந்த ஒரு சொல்லில் 12 எழுத்துகள். வீட்டில் அவன் "நடந்துட்டு இருந்தப்ப" என்றுதான் பேசுவான். அச்சில் இருந்த சொல் தன் வாயில் நாள்தோறும் புழங்கும் அதே சொல்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோனது.

தமிழ்ப் பிள்ளைகளின் வாசிப்பில் உள்ள உண்மையான மேடு இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். 247 எழுத்துகளைக் கற்பிப்பதில் காட்டும் அக்கறையை, பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு ஒரு குழந்தையைக் கைபிடித்து அழைத்துச் செல்வதில் நாம் காட்டுவதில்லை. அதன்பிறகு நான் புத்தகம் தேர்ந்தெடுக்கும் முறையே மாறியது. எந்தப் புத்தகத்தையும் வாங்குவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். நாக்கு எங்கே இடறுகிறது, ஒரு பக்கத்தில் எத்தனை நீண்ட சொற்கள் வருகின்றன, படத்தைப் பார்த்தே சொல்லை ஊகிக்க முடிகிறதா என்று குறித்துக்கொள்கிறேன். வகுப்பில் முதலில் கதையைப் பேச்சுத் தமிழில் சொல்வேன்; மறுநாள் அதே கதையை அச்சில் உள்ளபடி, வரியில் விரல் வைத்துப் படிப்பேன். கதை முன்பே தெரிந்திருப்பதால், நீண்ட சொல் வரும்போது குழந்தைகள் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி மட்டுமே உள்ள படக்கதைகள் தேவைப்படும்போது, பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்திலிருந்து பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்கிறேன். யாரும் அச்சிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் வெளியிடப்படுவதால் அதற்குத் தடையில்லை.

நாற்பதை நெருங்கும் வயதில் இப்படி வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியது என் சொந்த வாசிப்பையும் மாற்றிவிட்டது. பேருந்தில் கண்ணால் மட்டும் ஓட்டிப் படித்த காலத்தில் எனக்குப் பிடித்திருந்த சில நாவல்கள் இப்போது காதுக்கு இசையவில்லை. முன்பு பாதியில் வைத்துவிட்ட சிலவற்றின் உரையாடல்களை இன்று திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பூட்டு விஷயத்துக்குத் திரும்புகிறேன். நான் சேர்ந்தபோது இங்கும் பாதி அலமாரிகள் பூட்டியே இருந்தன. புத்தகங்கள் கிழியும், தொலையும் என்றார்கள். பின்னலாடைத் தொழிலில் ஒரு டி-சர்ட்டுக்கு விலை போடும்போது, நிட்டிங்கில் இவ்வளவு, டையிங்கில் இவ்வளவு, கட்டிங்கில் இவ்வளவு என்று பிராசஸ் லாஸ், அதாவது வேலையின்போது ஏற்படும் சேதாரத்தைச் சேர்க்காமல் யாரும் காஸ்டிங் போட மாட்டார்கள். துணியை வெட்டாமல் வைத்திருந்தால் சேதாரமே இல்லை, ஆனால் சட்டையும் இல்லை. நிர்வாகத்திடம் நான் இதைத்தான் எடுத்துச் சொன்னேன். கூடவே இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளையும் காட்டினேன். ஓராண்டில் வழங்கப்படும் அல்லது படிக்கப்படும் ஒவ்வோர் ஆயிரம் நூல்களுக்கு 5 நூல்கள் தொலைவதை, அதற்கு நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை, இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்று அவை கூறுகின்றன. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அந்த விதிகள் தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஆனாலும் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் கணக்கு என்றதும் பேச்சு எளிதாயிற்று. அலமாரிகளின் கதவுகளைக் கழற்றிவிட்டோம். அடுக்குகளைக் குழந்தைகளின் கண்மட்டத்துக்கு இறக்கி, முடிந்தவரை அட்டைப்படம் தெரியும்படி புத்தகங்களை நிறுத்தினோம்.

வேலையை மாற்ற நினைக்கும் உங்களுக்கு நடைமுறைச் செய்திகள் சில. என் சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்கும் கீழே இறங்கியது. என் மனைவிக்கு நிலையான வேலை இருந்ததாலும், இரண்டு ஆண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்ததாலும்தான் தாங்க முடிந்தது. பல பள்ளிகளில் ஆசிரியர் வராத வகுப்புக்கு நூலகரை அனுப்பிவிடுவார்கள். நேர்முகத் தேர்விலேயே வாரத்துக்கு எத்தனை நூலகப் பாடவேளைகள், புத்தகத் தேர்வில் யாருடைய சொல் இறுதியானது என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆண் ஒருவர் சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொல்ல வருவதைச் சில பெற்றோர் தயக்கத்தோடு பார்ப்பார்கள். அது நியாயமான தயக்கம்தான் என்பதால், முதல் பருவம் முழுவதும் வகுப்பாசிரியரும் உடன் இருக்கும்படி நானே கேட்டுக்கொண்டேன். பகலில் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்கும் என்று எண்ணி வராதீர்கள். பள்ளி நேரத்தில் எனக்காக நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

சென்ற ஏப்ரல் மாதச் சரிபார்ப்பில் 19 புத்தகங்கள் காணவில்லை. பட்டியலைப் பார்த்தபோது, அவற்றில் ஏழு பாம்பு, பல்லி, ஆமை பற்றியவை என்று தெரிந்தது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண்முறையில் ஊர்வனவற்றுக்கான 597.9 என்ற எண்ணுக்குரிய அடுக்கு ஏறக்குறைய காலியாகிவிட்டது. ஜூன் மாதக் கொள்முதலில் அந்த ஏழு நூல்களையும் மீண்டும் வாங்கினேன், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகளாக.