தங்கையின் வாசலுக்கு எப்படிப் போவது?

கேள்வி: கம்பத்தில், என் தந்தை சுயமாகச் சம்பாதித்த வீட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் கவனித்துக்கொண்டு தாயாருடன் வசித்து வருகிறேன். தந்தை உயில் எழுதி வைக்கவில்லை. ஒரே தங்கை மலைமேல் உள்ள கேரளத்து வண்டன்மேட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே சிறிய ஏலக்காய்த் தோட்டம். 2022இல் தந்தையின் திதிக்கு வந்தவள் தன் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்டாள். உறவினர் அனைவர் முன்னிலையிலும், "கல்யாணத்துக்குப் போட்ட நகையோட உன் கணக்கு தீந்துபோச்சு, மாப்பிள்ளை கடனை அடைக்கவா அப்பா சம்பாதிச்சாரு?" என்று சொல்லிவிட்டேன். இருவரும் இலையில் உட்காராமலே போய்விட்டார்கள். மறு ஆண்டு அவள் மகளின் சடங்குக்கு அழைப்பு வந்தும், தாய்மாமனாகிய நான் வீம்பினால் போகவில்லை. இப்போது மனம் உறுத்துகிறது. பெரியப்பாவைத் தூது அனுப்பலாமா? சித்திரைப் பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்கு அவர்கள் வரும்போது பேசலாமா? பங்கைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கம்பம்

பதில்: பங்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெளிவாகாதவரை நீங்கள் கேட்கும் மன்னிப்பு தங்கையின் மனத்தில் இறங்காது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும். உங்கள் குடும்பத்தில் தாயார், நீங்கள், தங்கை ஆகிய மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் உரிமை உண்டு. திருமணத்தின்போது போட்ட நகை இந்தப் பங்கைத் தீர்த்துவிடுவதில்லை. அவர் கேரளத்தில் குடியிருப்பதும் அதைக் குறைப்பதில்லை. ஆகவே அன்று நீங்கள் சொன்னது கடுஞ்சொல் மட்டுமன்று, உண்மைக்கு மாறான சொல்லும்கூட. அவருக்கு உரியதைத்தான் திருப்பி ஒப்படைக்கிறோம் என்ற எண்ணம் உறுதிப்பட்ட பிறகே மலை ஏறுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பேச்சில் எங்கேனும் ஓரிடத்தில் 'கொடுக்கிறேன்' என்ற பெருமிதம் எட்டிப் பார்க்கும், அவரும் அதை உடனே கண்டுகொள்வார்.

அவர் கேட்ட காலத்தையும் எண்ணிப் பாருங்கள். 2019இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022இல் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிக் கிடந்தது. சிறு தோட்டக்காரர்கள் எடுப்புக் கூலிக்கும் உரத்துக்கும் திணறிய காலம் அது. நல்ல விலை இருந்தபோது வாய் திறக்காத பெண், இக்கட்டான நேரத்தில் பிறந்த வீட்டை நம்பி வந்து கேட்டிருக்கிறார் என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் கணவரின் கடனைச் சபையில் சொல்லிக் காட்டியதுதான் அவரை மிகவும் புண்படுத்தியிருக்க வேண்டும்.

பெரியப்பாவைத் தூது அனுப்ப வேண்டாம். பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்ததும், 'பெரியவர் சொல்கிறாரே' என்பதற்காகத் தங்கை இணங்க நேரிடும். அந்த இணக்கம் அவருக்காகவே தவிர உங்களுக்காக அன்று. நாள்தோறும் காலையில் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் மேலேறும் வேலையாட்களிடம் சொல்லி அனுப்புவதும் கூடாது. குடும்பத்துச் செய்தி அவர் காதுக்கு எட்டும் முன்பே எஸ்டேட் முழுவதும் பரவிவிடும். மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே திறக்கிறது. இரு மாநிலத்துக் கூட்டமும் காவலும் சூழ்ந்த இடத்தில், சாமி கும்பிட வந்தவரை வழிமறித்து மன்னிப்புக் கேட்பது அவரைத் தர்மசங்கடத்தில் நிறுத்துவதாகும். தாயாரையும் முதல்முறை அழைத்துச் செல்லாதீர்கள். அவருடைய கண்ணீருக்கு முன்னால் தங்கையால் மறுப்புச் சொல்ல முடியாது, மறுப்பதற்கு அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

காய் எடுப்பும் ஸ்டோரில் உலர்த்தும் வேலையும் மும்முரமாக இல்லாத ஒரு நாளில், வருவதை முன்கூட்டித் தெரிவித்துவிட்டுத் தனியாகப் போங்கள். நேரிலேயே, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: "அப்பா திதியன்னைக்கு அத்தனை பேர் முன்னால மாப்பிள்ளையக் கடனாளின்னு பேசினேன், உனக்குப் பங்கு இல்லன்னு சொன்னேன். ரெண்டும் தப்பு. பிள்ளை சடங்குக்கு வராம இருந்ததும் தப்பு. என்னை மன்னிச்சிரு தாயி." இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அன்று உங்களுக்கு என்ன கோபம், யார் தூண்டிவிட்டார்கள், வீட்டில் என்ன நெருக்கடி என்பவற்றை அவரே கேட்டாலொழிய எடுக்காதீர்கள். 'ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சிரு' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பது கேட்காமல் இருப்பதைவிட மோசமானது. தவறு நடந்ததா என்பதையே அது சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

மாப்பிள்ளையிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். அவமானம் சபையில் நடந்ததால், அவர் சம்மதித்தால், அதே உறவினர்கள் கூடும் அடுத்த திதியில் உங்கள் சொல்லை நீங்களே திரும்பப் பெற வேண்டும். ஆனால் அதை அவரிடம் கேட்காமல் செய்துவிடாதீர்கள். பழைய கடனைப் பற்றி மறுபடியும் நாலு பேர் முன்னால் பேச்சு எழுவதை அவர் விரும்பாமல் இருக்கலாம்.

எனக்கு அதிகக் கவலை அளிப்பது அந்தப் பெண்பிள்ளைதான். மாமன் சீர் கொண்டு வந்து மாலை போட வேண்டிய நாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது, அல்லது வேறொருவர் வந்து நின்றார். பெரியவர்களின் சொத்துத் தகராறு அவளுக்கு என்ன தெரியும்? தன் மாமனுக்குத் தான் வேண்டாதவள் என்றே அவள் நினைத்திருக்கக்கூடும். அந்தச் சடங்கை இனி யாராலும் நடத்திக் காட்ட முடியாது; விட்டுப்போன சீரைப் பத்து மடங்காக்கித் தங்கமும் பட்டும் கொண்டுபோய் இறக்குவது அவளுக்குக் கூச்சத்தையும் பெற்றோருக்குக் கோபத்தையும்தான் தரும். அவளிடம் நேராக, அவளையும் ஒரு மனுஷியாக மதித்து, "உன் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, வராதது என் தப்பு" என்று சொல்லுங்கள். பிறகு அவள் பரீட்சை, பிறந்த நாள், கல்லூரிச் சேர்க்கை என வரும் ஒவ்வொன்றிலும் அழைப்பு வந்தால் தவறாமல் போய் நில்லுங்கள். அவள் நம்புவதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம்; அதற்காக அலுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை.

பாகப்பிரிவினைக்கு எந்த நிபந்தனையும் வைக்காதீர்கள். அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் பத்திரம் பதிவாக வேண்டும். 'பழையபடி வந்து போ, எழுதித் தருகிறேன்' என்றால் உறவை விலைபேசியதாகிவிடும். உத்தமபாளையம் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் இன்னும் பெறவில்லையென்றால் அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள், தாயாரிடமும் பேசிவிடுங்கள், நில அளவைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். எந்தப் பக்கம் தனக்கு வேண்டும் என்பதைத் தங்கையே முதலில் தேர்ந்துகொள்ளட்டும். தண்ணீர் வசதியுள்ள பகுதியை நீங்கள் வைத்துக்கொண்டு காய்ந்த பகுதியை அவருக்கு ஒதுக்காதீர்கள். இத்தனை ஆண்டுத் திராட்சை விளைச்சலில் அவர் பங்குக்கு வர வேண்டியதையும் செலவு போகக் கணக்கிட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் வாங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், அவர் பெயரில் வங்கியில் போட்டுவையுங்கள். முதல்முறை வாசலோடு திருப்பி அனுப்பினாலும் வருத்தத்தை முகத்தில் காட்டாமல் வந்துவிடுங்கள். பத்திர வேலை நிற்காமல் நடக்கட்டும், பதிவு நாள் குறித்ததும் அந்தச் செய்தியை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள்.