பால்பல் விழப்போவதுதானே?

கேள்வி: என் மகனுக்கு இரண்டேகால் வயது. மேல் வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு போல இருந்தது. இப்போது இரண்டு பற்களில் அது பழுப்பாகிவிட்டது. இரவில் பனங்கற்கண்டு போட்ட பாலைப் புட்டியில் குடித்தபடியேதான் தூங்குவான். “பூச்சிப்பல்தான், விழுந்து முளைத்துவிடும். ஐந்து வயதுக்கு முன்னால் யாராவது பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவார்களா?” என்கிறார் மாமியார். கணவர் கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்தால் தன் அம்மா சொல்வதுதான் சரி என்கிறார். குழந்தையை எந்த வயதில் காட்ட வேண்டும்? என் தங்கை மகளுக்கு எட்டு மாதம், இப்போதுதான் இரண்டு பல் வந்திருக்கிறது. அவளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் மகனை இந்த வாரமே காட்டுங்கள். கணவர் கரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எவ்வளவு தள்ளினாலும் முதல் பிறந்தநாளுக்குள், பல் மருத்துவர் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பதே குழந்தைப் பல் மருத்துவத்தில் இன்றைய வழக்கம். ஒரு வயதுக் குழந்தையின் வாயில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அப்படி ஒன்றும் இல்லாதபோது போவதில்தான் லாபம். எந்தப் பால், எந்த நேரத்தில், எதைக் கொண்டு பல்லைத் துடைக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டுத் திருத்துவார். குழந்தைக்கும் அந்த அறை பழகும். நம் ஊரில் நடப்பது வேறு. கன்னம் வீங்கி, இரவெல்லாம் அழுது, மறுநாள் பஸ் ஏறிப் பாலம் தாண்டி ராமநாதபுரம் போகிறோம். வலியோடு முதன்முதலாக அந்த நாற்காலியைப் பார்க்கும் பிள்ளை, அதன் பிறகு எத்தனை வயதானாலும் அங்கே வாயைத் திறக்க அஞ்சும்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும். ஆனால் பால்பற்கள் மொத்தம் 20. அவற்றில் பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டும். இரண்டேகால் வயதுப் பையன் இன்னும் எட்டு வருடத்துக்கு மேல் அவற்றை வைத்துத்தான் மெல்லப் போகிறான். சொத்தையாகி அவற்றை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். பிறகு வரும் நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். பால்பல்லின் வேரில் சீழ் வைத்தால், அதற்கு அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையே அது கெடுக்கலாம். இன்னொன்று: ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிற வீடுகள் ஏராளம். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்.

பூச்சி என்று எதுவும் பல்லுக்குள் இல்லை. வாயில் வாழும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. பகலில் எச்சில் அதைக் கழுவிவிடும். தூங்கும்போது எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடுவதால், புட்டியோடு தூங்குகிற பிள்ளையின் மேல் முன்பற்களைச் சுற்றி இனிப்புப் பால் இரவெல்லாம் தேங்கி நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். உங்கள் மகனின் கீழ்ப்பற்கள் நன்றாக இருந்தால், குற்றவாளி இரவுப் புட்டி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

பனையைக் குறை சொன்னால் நம் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் சாயல்குடிக் கருப்பட்டி போட்ட காப்பிதான் வேண்டும். ஆனாலும் பனங்கற்கண்டில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், கடைச் சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. இருமலுக்கு நல்லது என்று நாம் வைத்திருக்கும் மரியாதை பல்லுக்குத் தெரியாது. கீழக்கரைத் தொதலும் அப்படியே. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய அந்த இனிப்பு பல் இடுக்கில் ஒட்டினால் பெரியவர்களே நாக்கால் துழாவ வேண்டியிருக்கிறது. கொடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். சோறு தின்ற கையோடு ஒரு துண்டு கொடுத்து, தண்ணீர் குடிக்க வையுங்கள். நாளெல்லாம் கையில் வைத்துச் சப்பிக்கொண்டே இருப்பதுதான் கெடுதல்.

புட்டியை ஒரே இரவில் பிடுங்கினால் வீடு ரணகளமாகும், மாமியாரும் உங்கள் மேல்தான் கோபப்படுவார். முதலில் பனங்கற்கண்டை நிறுத்துங்கள். பிறகு இரவுக்கு இரவு பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். பத்து நாளில் புட்டியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும், அதில் பிள்ளைக்கே ஆர்வம் போய்விடும். பாலை முன்னிரவில் டம்ளரில் கொடுத்து, பல் துலக்கிவிட்டுப் படுக்க வையுங்கள்.

துலக்குவது உங்கள் வேலை, அவனுடையதல்ல. ஏழு வயதுவரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும். மடியில் தலையைச் சாய்த்துப் படுக்க வைத்தால் உள்பல்வரை தெரியும். மென்மையான சிறிய பிரஷ், அதில் ஃபுளோரைடு உள்ள பற்பசை ஓர் அரிசி அளவு. மூன்று வயதுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு. உமிக்கரியும் கரகரப்பான பல்பொடியும் பால்பல்லின் மெல்லிய எனாமலைத் தேய்த்துவிடும், வேண்டாம். வீட்டில் குடிப்பது குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இடத்துக்கு இடம் மாறும்.

போனதும் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். நீங்களும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்வீர்கள். பையன் உங்கள் மடியில் உட்கார்ந்து, அவர் மடியில் தலை வைப்பான். ஒரு சிறு கண்ணாடி, ஓரிரு நிமிடம். கொஞ்சம் அழுதால் அழட்டும், வாய் திறந்து நன்றாகவே தெரியும். வெள்ளைக் கோடு மட்டும் என்றால் ஃபுளோரைடு பூச்சிலேயே நின்றுவிடக்கூடும். பழுப்பில் குழி விழுந்திருந்தால் அடைப்பார்கள், அல்லது சொத்தை பரவாமல் நிறுத்தும் ஒரு வெள்ளி மருந்தைத் தடவுவார்கள். அது தடவிய இடம் கறுப்பாகிவிடும் என்பதை வீட்டில் முன்னாலேயே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ‘இருந்த பல்லையும் கெடுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு வரும். காலையில், தூங்கி எழுந்த தெளிவில், லேசாகச் சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள். “சேட்டை செய்தால் டாக்டர் ஊசி போடுவார்” என்று வீட்டில் யாரும் மிரட்டக் கூடாது. “வலிக்காது” என்றும் சொல்லாதீர்கள், அதுவரை அவன் வலியை நினைத்திருக்கவே மாட்டான்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் காட்டலாம். அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழு பல்லையும் பார்க்கும், அன்று பையனை அனுப்பத் தவறாதீர்கள். ஆனால் அதற்காக இப்போது காத்திருக்காதீர்கள். கன்னமோ ஈறோ வீங்கினால், காய்ச்சலும் சேர்ந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உங்கள் தங்கை மகளுக்குச் சரியான நேரம் இப்போதுதான். இரண்டு பல்லானாலும் இரவில் ஈரத்துணியாலோ சின்ன பிரஷ்ஷாலோ துடைக்கச் சொல்லுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. சூப்பானில் தேன் தொட்டு வைப்பது மட்டும் கூடாது. ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்கு எப்படியும் போவாள். அதை முடித்துக்கொண்டு, முதல் பிறந்தநாள் வருவதற்குள் ஒரு நாள் பல் மருத்துவரிடமும் காட்டிவிட்டு வரட்டும்.