வயிற்று நோயாளிகளின் டிவிஷன்: கேள்வி பதில்

கே: வயிற்றுவலிக்காரர்களை மட்டும் சேர்த்து ஹிட்லர் ஒரு டிவிஷன் வைத்திருந்தாராமே, உண்மையா? யாரோ கட்டிவிட்ட கதையா?

ப: உண்மைதான். 70-வது காலாட்படை டிவிஷன். 1944-ல் 165-வது ரிசர்வ் டிவிஷனிலிருந்து உருவானது, நெதர்லாந்தின் வால்கெரன் தீவில் நின்றது. அந்த நவம்பரோடு சரி. தளபதி வில்ஹெல்ம் டாஸர்.

கே: முடியாதவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே?

ப: அனுப்பினால் ஆளுக்கு எங்கே போவது? ரஷ்யப் போர்முனை அவ்வளவு பேரை விழுங்கியிருந்தது. அல்சர்காரர்கள் ஆளுக்கொரு படைப்பிரிவில் கிடந்தால் எல்லா இடத்திலும் தனிச் சமையல் வேண்டும். ஒன்றாகச் சேர்த்துவிட்டால் மொத்தப் பேருக்கும் ஒரே பத்தியச் சாப்பாடு. கரடுமுரடான ராணுவ ரொட்டிக்குப் பதில் வெள்ளை ரொட்டி, அப்புறம் பால், முட்டை, காய்கறி. வால்கெரனில் இவற்றுக்குக் குறைவில்லை. 'வெள்ளை ரொட்டி டிவிஷன்' என்று கேலிப்பெயரும் வந்தது.

கே: சண்டை என்றதும் ஓடியிருப்பார்களே?

ப: அந்தக் கேலிப்பெயரை நம்பினால் அப்படித்தான் தோன்றும். பங்கருக்குள் உட்கார்ந்து மெஷின் கன்னை இயக்கத் திடமான வயிறு தேவையில்லை. தீவுக்குத் தரைவழி ஒன்றே ஒன்று: கிழக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட, சுமார் 40 மீட்டர் அகலக் கரைச்சாலை. ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அக்டோபர் 31-லிருந்து கனடியர்கள் அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் நவம்பர் 1-ல் மேற்கே வெஸ்ட்கபெல்லெயில் நேசநாட்டுக் கமாண்டோக்கள் இறங்கியபோது, அவர்களுக்குப் பீரங்கித் துணைக்கு வந்த 27 படகுகளில் 20 மூழ்கவோ முடங்கவோ செய்தன அல்லவா, அந்தப் பெருமை ஜெர்மன் கடற்படையின் கரையோரப் பீரங்கிகளுக்கே சேரும். அதையும் இந்த டிவிஷன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கே: ஒரு தீவுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

ப: பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம். செப்டம்பர் 4-லேயே நேசநாடுகள் அந்தத் துறைமுகத்தைப் பெரிய சேதமில்லாமல் பிடித்துவிட்டன. ஆனால் கடலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் ஷெல்ட் ஆற்றில் வர வேண்டும். ஆற்றின் வாயில் வால்கெரன் பீரங்கிகள். வாயைத் திறக்க நடந்த சண்டைகளில் முதல் கனடிய ராணுவத்தின் இழப்பு மட்டும் சுமார் 13,000 பேர். அதில் பாதி கனடியர்.

கே: தீவை மூழ்கடித்தது ஜெர்மானியர்களா?

ப: இல்லை, பிரிட்டிஷ் விமானப்படை. தீவின் நடுப்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அக்டோபர் 3-ல் வெஸ்ட்கபெல்லெ கடற்கரை அணையைக் குண்டுவீசி உடைத்தார்கள். ஒரு காற்றாலைக்குள் ஒதுங்கியிருந்த ஊர் மக்களின் வழி இடிபாட்டில் அடைபட, உள்ளே புகுந்த நீரில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ராணுவ ரீதியாக நியாயம் சொல்லலாம். அந்த ஊர்க்காரர்களிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கே: டாஸர் சரணடைந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ப: நவம்பர் 6. சுற்றிலும் வெள்ளம், நடுவே மிடில்பர்க் நகரம். டாங்கிகள் வர வழியில்லை. நீரிலும் நிலத்திலும் ஓடும் 'பஃபலோ' வண்டிகளில் ஸ்காட்லாந்துப் படையினர் ஒரு கம்பெனி அளவுக்கு நகருக்குள் போய் இறங்கினார்கள். உள்ளே சுமார் 2,000 ஜெர்மானியர். டாஸரோ, தன் அந்தஸ்துக்குத் தகுந்த அதிகாரியிடம்தான் சரணடைவேன் என்கிறார். வந்திருந்தவர் மேஜர், தோளில் கிரீடம் மட்டும். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஏறினால் லெப்டினன்ட் கர்னல். சின்ன அதிகாரி ஒருவரிடம் நட்சத்திரத்தை இரவல் வாங்கிக் குத்திக்கொண்டார். வேலை முடிந்தது!

கே: பிறகு டிவிஷனைத் திரும்ப உருவாக்கினார்களா?

ப: இல்லை. நவம்பர் 8-ல் தீவில் சண்டை ஓய்ந்தது, பிழைத்தவர்கள் கைதிகளானார்கள். கண்ணிவெடிகளை அகற்றி, நவம்பர் 28-ல் முதல் கப்பல் அணி ஆண்ட்வெர்ப் போய்ச் சேர்ந்தது.