இஃராப் (வாக்கியத்தில் சொல்லின் இறுதி ஒலி மாறும் விதம்) என்றாலே சலிக்கும் பி.ஏ. மாணவர்கள்: பதில்

இரண்டாமாண்டு அரபு மாணவர்கள் நஹ்வு (அரபு வாக்கிய இலக்கணம்) விதிகளைத் தேர்வுக்காக ஒப்பிக்கிறார்களே தவிர ஆர்வமில்லை என்கிறீர்கள். சார், அவர்கள் ஏன் அரபு எடுத்தார்கள் என்று முதலில் எழுதி வாங்குங்கள். குர்ஆன் விளங்க வந்தவரையும் வளைகுடா வேலைக்காக வந்தவரையும் ஒரே உதாரணம் இழுக்காது. 'ஸைத் அம்ரை அடித்தான்' என்ற பழைய பாட உதாரணம் இருவருக்குமே அலுப்பு.

முதல் வகையினருக்கு, குர்ஆனின் ஃபாத்திர் அத்தியாயம் 28ஆம் வசனத்தில் 'இன்னமா' என்று தொடங்கும் தொடரை ஹரகத் (உயிரொலிக் குறி) இல்லாமல் பலகையில் எழுதுங்கள். 'அல்லாஹ்' ஃபத்ஹா ('அ' ஒலிக் குறி), 'உலமா' (அறிஞர்கள்) ளம்மா ('உ' ஒலிக் குறி): அறிஞர்களே அவனுக்கு அஞ்சுகிறார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் அஞ்சுபவன் அல்லாஹ் என்றாகிவிடும்! மஃப்ஊல் (செயப்படுபொருள்) முந்தி வருவதுதான் இங்கே சிக்கல். 'பாம்பை எலி கடித்தது' என்று எழுதி 'ஐ' உருபைக் காட்டுங்கள், தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சட்டெனப் பிடிபடும்.

மற்றவர்களுக்கு வேலை ஒப்பந்தம். 'ஸலாஸது அஷ்ஹுர்' என்ற மூன்று மாதத்தில் எண்ணப்படும் சொல் பன்மை, ஜர் (இறுதியில் 'இ' ஒலி). 'ஸலாஸூன யவ்மன்' என்ற முப்பது நாளில் அது ஒருமை, நஸ்பு (இறுதியில் 'அ' ஒலி). 3 முதல் 10 வரை ஒரு விதி, 11 முதல் 99 வரை இன்னொன்று.

விடைத்தாளில் ஹரகத்துக்கு 1 மதிப்பெண் என்றால் காரணத்துக்கு 2 கொடுங்கள். இல்லாவிட்டால் மனப்பாடம்தான் தொடரும்.