நீண்ட ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே?

கேள்வி: ‘ரெஸ்பொன்ஸிபிலிடி’, ‘எக்ஸாமினேஷன்’ போன்ற சொற்களை வாசிக்க மகள் திணறுகிறாள். மும்மூன்று எழுத்தாகப் பிரித்துக் கொடுத்தும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, உப்புவெளி

பதில்: எழுத்தை எண்ணிப் பிரிப்பதால்தான் சிக்கல். காதில் எத்தனை உயிரொலி விழுகிறதோ, அத்தனை அசை. யாப்பிலக்கண அசையை இதோடு குழப்பவேண்டாம்: ‘மலர்’ யாப்பில் ஒரே நிரையசை, இந்தக் கணக்கில் இரண்டு. நாடிக்குக் (முகவாய்க்குக்) கீழே கையை வைத்து மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள்; நாடி எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணட்டும். ரெஸ்-பொன்-ஸி-பி-லி-டி: ஆறு. எக்-ஸா-மி-னே-ஷன்: ஐந்து, கடைசி ‘ஷனில்’ (tion) இரண்டு ஆங்கில உயிரெழுத்து இருந்தாலும் ஒலி ஒன்றுதான்.

அடுத்து, சொல்லின் வாலைப் பாருங்கள். ‘ஷன்’, ‘இக்’ என முடிந்தால் அதற்கு முந்திய அசையில் அழுத்தம், அதாவது அந்த அசை மற்றவற்றைவிடப் பலமாக ஒலிக்கும் (இங்கே * குறிகளுக்கு நடுவே): எக்ஸாமி*னே*ஷன், எக்க*னொ*மிக். ‘இடி’ என முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவதில்: ரெஸ்பொன்ஸி*பி*லிடி, யுனி*வெர்*ஸிடி. ‘இயர்’, ‘ஈஸ்’ வால்கள் அழுத்தத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும்: எஞ்சி*னியர்*, ஜப்ப*னீஸ்*. நம் திருகோணமலையின் ஆங்கிலப் பெயரும் அப்படித்தான், ட்ரிங்-க-ம-*லீ*. விலகுபவையும் உண்டு: *பொ*லிடிக்ஸ், அ*ரித்*மெடிக், க*மி*ட்டி. இவற்றைத் தனியே மனனம் செய்வதே வழி.

வால் மாறினால் அழுத்தமும் நகரும். *ஃபோ*டக்ராஃப், ஃப*டொ*க்ரஃபி, ஃபோடக்*ரா*ஃபிக் மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கட்டும். இரண்டாவது சொல்லில் அழுத்தம் விலகியதும் ‘ஃபோ’ வெறும் ‘ஃப’ ஆகித் தேய்வதைக் கவனியுங்கள். நம் பிள்ளைகள் தவறுவது இங்கேதான். தமிழ்ப் பழக்கத்தில் எல்லா அசையையும் முழுதாக ஒலிக்கிறார்கள். கேட்பவருக்கு எது அழுத்த அசை என்று பிடிபடுவதில்லை. அழுத்த அசையைச் சற்று நீட்டி, உயர்த்திச் சொன்னால் போதும், கத்தவேண்டியதில்லை. மற்றவற்றைத் தேயவிடப் பழக்குவதுதான் கடினம். நாளுக்கு ஐந்து சொல், மேசையில் தட்டி, அழுத்த அசைக்கு மட்டும் பலமான தட்டு.

கேள்வி: அகராதியில் உச்சரிப்புக்கு நடுவே வரும் சிறு கோடு எதைக் குறிக்கிறது?
— வாசகர், கிண்ணியா

பதில்: இன்றைய பெரும்பாலான அகராதிகளில், மேலே நிற்கும் கோடு, அதை அடுத்து வரும் அசையில் முதன்மை அழுத்தம் என்கிறது. முந்திய அசைக்கு உரியதென்று பலர் பிழையாக எண்ணுகிறார்கள். கீழே நிற்பது இரண்டாம் நிலை அழுத்தம். ‘ரெக்கோட்’ போன்ற சொல்லுக்கு இரு உச்சரிப்புத் தந்திருப்பார்கள்: பெயர்ச்சொல்லானால் முதலசையில் அழுத்தம், வினையானால் இரண்டாவதில்.