செயற்கை இதய வால்வு பொருத்திய பின் விருந்து, விழா என வழக்கம்போல் இருக்க முடியுமா?

முடியும், ஆனால் தினமும் ஒரே நேரத்தில் விழுங்கும் ஒரு சிறு மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது எனப் பார்த்து அதன் அளவைச் சரிபார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும் உடன் வரும்.

இதய வால்வு என்பது ரத்தத்தை ஒரே திசையில் செல்லவிடும் கதவு. பழுதான கதவுக்குப் பதிலாக வைக்கப்படும் இயந்திர வகைச் செயற்கை வால்வு (1990-இல் முதன்முதலில் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட, திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வும் இவ்வகையே) நெடுங்காலம் உழைக்கும். எனினும் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். வாய்க்காலில் கிடக்கும் கல்லில் பாசி படிவதுபோல் அதன்மேல் ரத்தம் உறையலாம், அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்கவே வார்ஃபரின் போன்ற மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியுள்ளது.

கல்யாணப் பந்தியில் தாராளமாக உட்காரலாம். கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், ஒரு வாரம் தொடாமல் இருந்துவிட்டு மறுவாரம் தினமும் உண்பதுதான் சிக்கலே தவிர, சீரான அளவில் உண்பது அல்ல. என்னைக் கேட்டால், கீரைக்கூட்டைவிட ஆபத்தானது, தலைவலி என்றதும் உறவினர் அன்போடு நீட்டும் வலிமாத்திரை. அது ரத்தக்கசிவை உண்டாக்கலாம். மதுவும் ஐ.என்.ஆர். அளவைக் குலைக்கும். பல் பிடுங்குவதற்கு முன் வால்வு இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

அமைதியான அறையில் அருகிலிருப்பவருக்கும் கேட்கும் 'டிக் டிக்' ஒலியைப் பழுதின் அறிகுறி என்று பலர் அஞ்சுகிறார்கள். அது கதவு மூடும் ஓசைதான், பழகிய அவ்வொலி திடீரென மங்கினால்தான் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.