பாதி ஆம்பியர், பாதிச் சுமை அல்ல

கேள்வி: எங்கள் ப்ளோவரை பெல்ட் வழியாக ஓட்டும் மோட்டார் 15 கிலோவாட், 400 வோல்ட், 28 ஆம்பியர், 1460 ஆர்.பி.எம் (நிமிடத்துக்குச் சுற்று) என்று நேம் பிளேட்டில் இருக்கிறது. காற்று தேவைக்கு மேல் வருவதால் டேம்பரை (காற்றுப் பாதையைத் தடுக்கும் தகட்டை) பாதி மூடியே வைத்திருக்கிறோம். கிளாம்ப் மீட்டரில் 14 ஆம்பியர், வேகம் பார்க்கும் டேக்கோமீட்டரில் 1486. சுமை பாதிதானே? சின்ன மோட்டாராக மாற்றலாமா, கெப்பாசிட்டர் போட்டாலே போதுமா?

பதில்: அந்த 14 ஆம்பியரை வைத்து முடிவெடுக்காதீர்கள். இண்டக்‌ஷன் மோட்டார் சும்மா சுற்றினாலே காந்தப்புலத்துக்காக முழு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழுத்துக்கொள்ளும். டேக்கோமீட்டர்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காந்தப்புலம் 1500-ல் சுற்றுகிறது. முழுச் சுமையில் (1460-ல் ஓடும்போது) 40 சுற்று பின்தங்க வேண்டிய ரோட்டார், அதாவது மோட்டாரின் சுழலும் பாகம், இப்போது 14 சுற்றுதான் பின்தங்குகிறது. அப்படியென்றால் சுமை சுமார் 35 சதவீதம், அதாவது ஐந்தேகால் கிலோவாட். நேம் பிளேட் வேகமே கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால், பவர் மீட்டரிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தச் சுமையிலும் இந்த அளவு மோட்டாரின் திறன் 87 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மோட்டாருக்குள் வீணாவது முக்கால் கிலோவாட்தான். நல்ல திறனுள்ள 7.5 கிலோவாட் மோட்டார் போட்டால் அதில் கால் கிலோவாட் மிச்சமாகலாம். நன்றாக ஓடுகிற மோட்டாரைக் கழற்ற இது போதாது. எரிந்து ரீவைண்டிங்குக்குப் போகும் நாளில் மாற்றுங்கள். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கை) சரிசெய்யும், கேபிளில் ஆம்பியரைக் குறைக்கும். மோட்டாருக்குள் ஆகும் இழப்பைத் தொடாது.

வீணாவது டேம்பரில். முழு வேகத்தில் அழுத்தம் ஏற்றி, அதை அந்தத் தகட்டிலேயே கொன்றுகொண்டிருக்கிறீர்கள். ப்ளோவரில் காற்று வேகத்துக்கு நேராகக் குறையும், சக்தியோ வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) குறையும். வேகம் 80 சதவீதமானால் சக்தி பாதி. 60 ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஒருமுறை டேம்பரை முழுதும் திறந்து (28 ஆம்பியரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு) காற்றையும் கிலோவாட்டையும் அளந்துகொள்ளுங்கள். அந்தக் கிலோவாட்டிலிருந்து இந்த மும்மடிக் கணக்கைப் போட்டு, இன்றைய அளவோடு ஒப்பிட்டால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

டேம்பர் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது என்றால் வேகத்தை மின்னணு முறையில் மாற்றும் டிரைவ் (வி.எஃப்.டி) கூட வேண்டாம். மோட்டார் பக்கத்துக் கப்பியைச் சிறிதாக்கினால் போதும், செலவும் சொற்பம். தேவை நேரத்துக்கு நேரம் மாறினால் மட்டும் வி.எஃப்.டி போடுங்கள். அப்போது அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் கெப்பாசிட்டர் இருக்கவே கூடாது; டிரைவ் கெட்டுவிடும்.

அப்புறம், கப்பி மாற்றியபின் மோட்டாரின் சுமை கால்வாசிக்கும் கீழே போனால், டெல்டா மோட்டாரை ஸ்டாரிலேயே ஓட விடலாம் (இரண்டும் மோட்டாரின் மூன்று சுருள்களை இணைக்கும் விதங்கள்). சுருளுக்கு 58 சதவீத வோல்டேஜ்தான் கிடைக்கும், இரும்பு இழப்பு மூன்றில் ஒன்றாகும். முறுக்குவிசையும் மூன்றில் ஒன்றாவதால் 35 சதவீதச் சுமையில் இதைச் செய்ய வேண்டாம், லாபம் இருக்காது. ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே லைனில் இருந்தால் அதை 28-லிருந்து 16 ஆம்பியருக்கு இறக்க மறந்துவிடாதீர்கள்.